நளீம் கொடுத்த லீவு

கல்முனையில் ஓர் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தேன். ஊழியர்கள் என்னை "சேர்" என்பார்கள். என் உதவியாளர் நளீமை, சொந்த அண்ணனை அழைப்பதுபோல், "காக்கா" என்பார்கள். அவர் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார். மஃரிப் தொழுகை நேரம் வரை இருந்து உழைத்த எனக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லையே என்று உள்ளுக்குள் பொறாமைப்பட்டேன்.

ஒருநாள் எழுதுநர் பரீதாவின் கதிரை வெறுமையாக இருந்தது. "மகனுக்கு மூச்சு இழுப்பாம் சேர். நான்தான் போகச் சொன்ன" என்றார் நளீம்.

"இஞ்ச லீவு குடுக்கிறது ஆரு?" என்று கேட்டுவிட்டு, பாதி வழியில் இருந்த பரீதாவைத் தொலைபேசியில் திரும்ப அழைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரத்தில், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பரீதாவின் உம்மா அழைத்தார். பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறானாம். நளீம் என்னிடம் கேட்கவில்லை. பரீதாவைத் தன் காரில் ஏற்றிச் சென்று, பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தான்.

அன்று அவசர வேலை ஒன்றுமில்லை. அனுமதி கொடுத்தது நளீம் என்பதற்காகவே பரீதாவைத் திரும்ப அழைத்தேன். மறுநாள் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்ல சேர்" என்றார் பரீதா, என் முகத்தைப் பார்க்காமல்.

ஓய்வுபெற்று, இப்போது மருமகனின் அரிசி ஆலையைக் கவனிக்கிறேன். மேற்பார்வையாளர் யாருக்காவது அனுமதி கொடுத்தால், "சரி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதைச் சொல்வது இன்னும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.