ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே முழங்காலிட்ட சபை

சகோதர சகோதரிகளே, என் மகன் பிழைத்ததை என் வாயாலேயே சொல்கிறேன். கேட்டுவிட்டு ஆண்டவருக்கே மகிமை செலுத்துங்கள்.

2005 டிசம்பர். மழை விட்டபாடில்லை. மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. அதனால் எங்கள் சின்ன சபையில் தினமும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபம். சாரல் அடிக்காமல் கதவைச் சாத்திவிட்டு, நெருக்கியடித்து உட்கார்ந்து பாடுவோம். ஒருவருக்கு வந்த இருமல் எல்லா வீட்டுக்கும் பரவியது. மழை நாளில் இருமாதவர் யார் என்று சிரித்துக்கொண்டோம்.

என் மகன் சாமுவேல் அப்போது இரண்டு மாதக் குழந்தை. அவனுக்கும் மூக்கு ஒழுகியது. உடனே சபையே வந்துவிட்டது. பச்சைக் குழந்தைக்கு நோய் என்றால் ஒவ்வொருவரும் மடியில் வாங்கி, தலையில் கைவைத்து, முத்தமிட்டு ஜெபிப்பது எங்கள் வழக்கம். இருமிக்கொண்டேதான் ஜெபித்தார்கள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான்.

அடுத்த சில நாளில் அவன் பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அழுதால் சத்தம் வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. நானும் என் வீட்டுக்காரரும் அவனைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "ஆண்டவரே, இவனை எடுத்துக்கொள்ளாதேயும்." வழி முழுக்க வேறு ஜெபமே வரவில்லை.

ஆக்சிஜன் வைத்தார்கள். "இது வைரஸும்மா. நெஞ்சுல எறங்கிடுச்சு. இத கொல்ற மருந்து கெடையாது. மூச்சுக்குத்தான் ஒதவி பண்றோம், புள்ள தாங்கணும். இருமல் இருக்கிறவங்க யாரும் கிட்ட வரக்கூடாது" என்றார் டாக்டரம்மா. மருந்தே இல்லையென்றால் நான் யாரிடம் போவேன்? பாழும் மனம் அவனுக்குக் குழி வெட்டுவதுவரை நினைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து சபையார் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"உள்ள வராதீங்கண்ணா. யாரும் அவனத் தொட வேணாம்."

"ஜெபத்தையே தடுக்கிறியாம்மா?" என்று ஒரு அண்ணன் கோபப்பட்டார். இவர்களைத் தடுத்தால் ஆண்டவரும் என்னைக் கைவிட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

எங்கள் பாஸ்டர் இருமலை அடக்கிக்கொண்டு, "அவ சொல்றதுதான் சரி. இங்கயே முட்டி போடுங்க. அவருக்கு இது தூரமா?" என்றார். சுவருக்கு வெளியே, ஈர மண்ணில், எல்லோரும் முழங்காலிட்டார்கள்.

அன்று ஒன்றும் மாறவில்லை. மறுநாளும் மாறவில்லை. "அவ்வளவுதானா ஆண்டவரே?" என்று கேட்டே விட்டேன். அதற்கடுத்த நாள் காலை, என் பிள்ளை பசியில் வீறிட்டு அழுதான். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது அவனுக்குப் பத்து மாதம், சுவரைப் பிடித்து நடக்கிறான். எங்கள் சபையில் இருமல் உள்ளவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுதான் ஜெபிக்கிறார்கள். அன்று கோபப்பட்ட அண்ணன், லேசாகத் தொண்டை கரகரத்தாலே வெளியே போய் நின்றுகொள்கிறார்.

மூச்சுக்குத் திணறும் பிள்ளையோடு தவிக்கும் தாயே, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஓடும்போதே ஆண்டவரைக் கூப்பிடு. நாங்கள் தொடாத என் பிள்ளையை அவர் தொட்டார். உன் பிள்ளையையும் தொடுவார்.