கோட்டுக்கு வெளியே ஒரு வீடு

ஏற்காட்டுக் குளிருக்கே ஸ்வெட்டரைக் கழற்றாத ருக்சானாவுக்கு வாய்த்த வேலை பனிப் பிரதேசத்தில். கணவர் சாதிக் பாஷா மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடைக்கு மேல் மாடியில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே பார்க்கிற வேலைதான். வட துருவத்தை ஒட்டி வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் நிலம் இப்போது உருகிச் சரிகிறது. எதுவரை சரிந்திருக்கிறது என்று சாட்டிலைட் படத்தின்மேல் கோடு போட்டுச் சேலத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். மண் சரிவதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, மழைக்காலத்தில் அடிவாரம் ரோட்டைப் பார்த்தால் ஆகாதா என்று சாதிக் பாஷா கேலி பேசுவார்.

அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அந்த வீடு வரும்வரை. ஆற்றங்கரையில் பச்சைத் தகரக் கூரை, பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட படகு, ஆற்றுக்கு நடந்து நடந்து தேய்ந்த தடம். ஆள் புழங்குகிற வீடு, சந்தேகமே இல்லை. அதே இடத்தின் படம் வருஷவாரியாக வந்தது. ஒவ்வொன்றிலும் சரிவு வீட்டை நெருங்கிக்கொண்டே இருந்தது. யார் வீடோ, எந்த ஊரோ, ருக்சானாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிப் படத்தில் பாதி வாசலைக் காணோம். சரிவு வீட்டுக்கு அடியிலேயே புகுந்திருந்தது. முறைப்படி வீட்டையும் உள்ளே சேர்த்துத்தான் கோடு போட வேண்டும். அவளுக்குக் கை வரவில்லை. வீட்டை மட்டும் வெளியே விட்டு வளைத்துக் கொண்டுபோய் அனுப்பிவிட்டாள். தப்பென்று தெரிந்தேதான் செய்தாள்.

படம் திரும்பி வந்தது. சரிபார்க்கிற பிரகாஷ் சேலத்திலிருந்து போன் போட்டான்.

"ஏனுங்க்கா, ஊட்ட மட்டும் உட்டுட்டு வளைச்சிருக்கீங்க?"

"அந்த ஊட்டுக்காரங்ககிட்ட யாராச்சும் சொல்லுவாங்களா தம்பி?"

பிரகாஷ் நல்ல பையன்தான். அது எந்த ஊர் என்று தனக்கே தெரியாது, கம்பெனியில் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள் என்றான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இனிச் சொல்லி என்னங்க்கா ஆவப்போவுது? இது ரெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்த படமுங்க."

நாளைக்கு விழப்போகிற வீடு என்றல்லவா ருக்சானா தவித்துக்கொண்டிருந்தாள்! நடக்க வேண்டியது எப்போதோ நடந்து முடிந்திருக்கும். உள்ளே இருந்தவர்கள் தப்பினார்களா என்று கேட்கக்கூட ஆளில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய கோட்டை அழித்தாள். பச்சைக் கூரையை உள்ளே வைத்து, நேராக ஒரு கோடு போட்டு அனுப்பினாள்.

உடனே பிரகாஷிடமிருந்து பதில் வந்தது: "இப்பச் சரியா இருக்குதுங்க்கா. நொம்ப நன்றி."