கறள் இல்லாத வாள்கள்

இன்று காலை எங்கள் வீட்டுக் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்க ஒருவர் வந்தார். முதலில் பழைய கறளை எடுக்க வேண்டும் என்று கம்பிப் பிரஷ்ஷால் உரஞ்சத் தொடங்கினார். அந்தச் சிவப்புத் தூள் குசினி யன்னலால் உள்ளே வந்து மூக்கில் ஏறியது. பிறகு மண்ணெண்ணெய் மணம். கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். "என்ன, கண் கலங்குது?" என்றார் என் கணவர். வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். வெங்காயம் எவ்வளவு உதவியான பொருள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

துருவை நாங்கள் கறள் என்போம். கலியாணம் கட்டி மானிப்பாய்க்கு வந்த பிறகுதான், கறள் பிடிக்காமல் ஒரு பொருள் வருடக்கணக்கில் இருக்க முடியும் என்பதையே கண்டேன். நான் பிறந்து வளர்ந்தது நகரத்தை ஒட்டிய கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில். அங்கே உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. அம்மா கத்தரிக்கோலை அரிசி வாளிக்குள் புதைத்து வைப்பா. என் கொண்டை ஊசிகள் கறள் பிடித்து, வெள்ளைச் சட்டைக் கழுத்தில் மண்ணிறக் கோடு போடும். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

அப்படிப்பட்ட ஊரில்தான் எங்கள் பங்கு மக்கள் உருக்கில் மார்புக் கவசமும் வாளும் செய்து வைத்திருந்தார்கள். பெரிய வெள்ளி பின்னேரம் கிறிஸ்துவின் பாடுகளை நாடகமாக நடிப்போம். அதில் உரோமைப் படைவீரருக்குத்தான் இந்தச் சாமான்கள். மற்றப் பங்குகளில் மட்டையில் வெள்ளித்தாள் ஒட்டுவார்கள். எங்களுடையவை, எண்ணெய்ப் பீப்பாவை வெட்டித் தட்டிய கவசங்களும், லொறி வில்லுத் தகட்டில் அடித்த ஐந்து வாள்களும். வாள்களுக்குக் கூர் கிடையாது, நுனியும் மழுங்கல். ஆனால் படைவீரர் நடந்து வரும்போது எழும் இரும்புச் சத்தத்தில் கைக்குழந்தைகள் வீறிட்டு அழும். அதில் எங்கள் பங்குக்கு ஒரு பெருமை.

படைத்தலைவன் என் அமலன் அத்தான், அக்காவின் கணவர். படகு எஞ்சின் திருத்துபவர். நல்ல உயரம், அதைவிடப் பெரிய குரல். நானும் நாடகத்தில் இருந்தேன். இயேசுவின் முகத்தைத் துணியால் துடைக்கும் வெரோணிக்கா நான்தான். அழகுக்காக எடுத்தார்கள் என்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். அழச் சொன்னால் உடனே அழுவேன் என்பதற்காக எடுத்தார்கள் என்று பிறகு அக்கா சொன்னாள்.

ஒரு வருடம் நான் துணியை விரித்துக் காட்டியபோது, வரைந்து வைத்த முகத்துக்குக் குறுக்கே செந்நிறத்தில் ஐந்து விரல்கள் தெரிந்தன. ஒரு படைவீரன் கறள் வாளைப் பிடித்த கையால் துணியைப் பிடித்து இழுத்திருக்கிறான். முன்வரிசைப் பெண்கள் இரத்தம் என்று நினைத்து நெஞ்சில் அடித்து அழுதார்கள். அதே நாள் இன்னொருவனின் கழுத்தைக் கவசத்தின் விளிம்பு கீறிவிட்டது. கறள் கீறினால் ஏற்புவலி வரும் என்று அவனை ஏற்பு ஊசி போடக் கொண்டு போனோம். அன்றைக்கே அத்தான் முடிவெடுத்துவிட்டார்.

"அடுத்த வருசம் ஒரு பொட்டுக் கறள் இருக்கக்கூடாது. மச்சாள், உன்ரை கடையிலை என்ன என்ன இருக்கெண்டு பாத்துச் சொல்லு."

அப்போது நான் நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் கேட்டால் சிரித்துச் சமாளிக்கும் நிலைமை. ஆனாலும் அத்தானுக்கு நான்தான் நிபுணர்.

அடுத்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அக்கா வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கியது. வாள்கள் முதல் நாளே வினாகிரியில் ஊறியிருந்தன. அவற்றை எடுத்து, செங்கல் தூளைத் தேங்காய்ப் பொச்சில் தொட்டுத் தேய்த்தோம். குழிக்குள் நின்ற கறளுக்கு இரும்புப் பஞ்சு. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் காயுமுன்னே துடைத்து, வெயிலில் வைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் ஒருதரம் ஒற்றி எடுத்தோம். கடைசியாக கிறீஸ் மெல்லிசாகப் பூச வேண்டும். அதுவரை வெறும் கையால் தொட்டால் அத்தான் சத்தம் போடுவார். வியர்வைக் கை பட்ட இடம் அடுத்த நாளே சிவந்து காட்டிக் கொடுக்குமாம். எனக்கோ எப்போதும் வியர்க்கும் கை. பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு வேலை செய்தேன்.

வேலிக்கு முன்னால் ஐந்து வாள்களும் சாய்ந்து நின்றன. வெயிலில் கண் கூசியது. வாள்களின் இடத்தில் இப்போது கவசங்கள் வினாகிரித் தொட்டிக்குள் கிடந்தன. அத்தான் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

அந்த நாட்களில் ஊரெல்லாம் வாள்வெட்டுக் கதைதான். முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவார்கள், வீட்டுக்குள் புகுந்து வெட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கிழமையும் பக்கத்து ஊரில் ஒருவருக்குக் கை போயிருந்தது. எங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் எங்கள் வாள் வேறு, அந்த வாள் வேறு என்றுதான் மனதில் இருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆர் போய்ச் சொன்னார்களோ, பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கிய அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"யாருடைய வாள்?"

"கோயில் வாள், சேர்," என்றார் அத்தான்.

"கோயிலுக்கு எதுக்கு வாள்?"

"பெரிய வெள்ளி நாடகத்துக்கு. கூர் இல்லை, தொட்டுப் பாருங்கோ."

அதிகாரி ஒரு வாளை எடுத்துப் பெருவிரலால் தடவினார். வெட்டவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாடகத்துக்கு ஏன் இப்படி மினுக்கி வச்சிருக்கு?" என்று கேட்டார்.

அத்தான் பதில் சொல்லத் தொடங்கினார். கறள், உப்புக் காற்று, ஏற்பு ஊசி என்று அவர் சொல்லச் சொல்ல, அது எவ்வளவு நம்ப முடியாத கதை என்பது எனக்கே விளங்கியது. அவரையும் வாள்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. அக்கா படலைவரை ஓடினாள். என் கையில் மண்ணெண்ணெய்த் துணி அப்படியே இருந்தது.

பங்குக் குருவான சுவாமியும் நானும் ஓட்டோவில் பொலிஸுக்குப் போனோம். சாட்சிக்கென்று வீட்டுக்குள் இருந்த ஒரு நாடகத் தலைக்கவசத்தை மடியில் வைத்திருந்தேன். உச்சியில் தும்புக் கட்டைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து ஒட்டிய கவசம். ஓட்டோக்காரர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். நிலையத்தில் இரண்டு பொலிஸ்காரர் அதை வாங்கித் தலையில் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வாங்கில் உட்கார்ந்து தலை குனிந்திருந்த அத்தான் நிமிரவேயில்லை.

சுவாமி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். மேலிருந்து அவருக்கும் நெருக்குதல் இருந்திருக்கும். கடைசியில் ஒரு வாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஃபாதர், கறள் பிடிச்சுக் கிடந்திருந்தால் நானே விட்டிருப்பேன். இதைப் பாருங்கள், என் முகம் தெரியுது. நாளைக்கு ஒருத்தன் எடுத்துத் தீட்டினால் வெட்டும்தானே?"

அடுத்த நாள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், அத்தானை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள். வாள்கள் சான்றுப் பொருளாகின.

இந்தக் கலவரத்தில் தொட்டிக்குள் கிடந்த கவசங்களை எல்லாரும் மறந்துவிட்டோம். நினைவு வந்து போய்ப் பார்த்தபோது வினாகிரி வற்றி, கவசங்கள் முன்பு இருந்ததைவிட மோசமாகச் செம்மண் நிறத்தில் கிடந்தன. அக்கா சீலையைச் செருகிக்கொண்டு குந்தினாள். அக்கா ஒருநாளும் இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. "இரும்பை உரஞ்சிற நேரத்திலை வீட்டிலை ஒரு பானையை உரஞ்சினால் என்ன?" என்று அத்தானைப் பேசுகிறவள். அன்றைக்கு விரல் நகம் கிழியத் தேய்த்தாள்.

"விடு அக்கா, நாளைக்குச் செய்வம்."

"அந்தாள் வந்து பாத்தால் பேசும்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேசினால் பேசட்டும். வந்து பேசட்டும்," என்றாள். நானும் பக்கத்தில் குந்தி ஒரு கவசத்தை எடுத்துத் தேய்த்தேன்.

நாடகத்தை நிறுத்துவோமா என்று சுவாமி கேட்டார். வேண்டாம் என்று அக்காதான் சொன்னாள். "ஆனால் அவரின்ரை இடத்துக்கு ஒருத்தரையும் போடாதேங்கோ, சுவாமி." அப்படியே நடந்தது. படைவீரர் பூவரசங் கம்புகளோடு வந்தார்கள். படைத்தலைவன் நடக்கும் இடத்தை வெறுமையாக விட்டு நடந்தார்கள். நான் ஓடிப் போய்த் துணியால் முகத்தைத் துடைத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் அத்தான் பாய்ந்து வந்து, வாளைப் படுக்கையாக என் தோளில் வைத்துத் தள்ளிவிடுவார். அந்தத் தள்ளலோடுதான் நான் மேடையை விட்டுப் போவது. அன்றைக்குத் தள்ள ஆளில்லை. எப்படிப் போவதென்று தெரியாமல் துணியோடு நின்றுவிட்டேன். சிலுவை சுமந்தவர்தான், "போ பிள்ளை, போ," என்று உதட்டை அசைக்காமல் சொன்னார்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த பிறகுதான் அத்தானுக்குப் பிணை கிடைத்தது. வழக்கு முடியவில்லை. தவணை, தவணை என்று இழுத்தது. ஒவ்வொரு தவணைக்கும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய், பெயர் கூப்பிடும்வரை நின்று, அடுத்த திகதியோடு வருவார். அதற்கிடையில் கட்டாரில் எஞ்சின் திருத்தும் ஒரு கராச்சில் வேலை சரிவந்தது. பொலிஸ் நற்சான்று கேட்டார்கள். வழக்கு இருக்கிறவருக்கு ஆர் கொடுப்பார்கள்? அந்த வேலையை மயிலிட்டிப் பெடியன் ஒருவன் எடுத்துக்கொண்டு போனான். அத்தானே அவனுக்கு எஞ்சின் வேலை பழக்கியவர். வழியனுப்பவும் போனார். வந்து சாப்பிடாமல் படுத்தார்.

அத்தான் மெல்ல மெல்ல மாறினார். எஞ்சின் கழற்றும் சாவிகளைத் துடைத்து வரிசையாக அடுக்குகிறவர், போட்டது போட்டபடி எழும்பிப் போகத் தொடங்கினார். முற்றத்தில் ஒரு குறடு மழையில் கிடந்து கறள் பிடித்தது. நான் எடுத்துத் துடைக்கப் போனேன். "விடு மச்சாள். கறளோடை கிடந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேளாங்கள்," என்றார். பகிடி போலத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

கடைசியாக அவர் மேல் குற்றமில்லை என்று விடுதலை செய்தார்கள். வாள்களைத் திருப்பி எடுக்கலாம் என்றார்கள். அக்காவுக்குக் காய்ச்சல் என்றபடியால், அத்தானோடு நீதிமன்றத்துக்கு நான் போனேன். அங்கே வேலை செய்தவர் உள்ளே போய், கயிற்றால் கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். மேசை முழுக்கச் சிவப்புப் பொருக்கு உதிர்ந்தது. பிடிகளில் சுற்றிய தோல் உக்கியிருந்தது. ஒரு வாள் நடுவில் கடதாசி மாதிரி மெலிந்து கிடந்தது.

அத்தான் நீண்ட நேரம் பார்த்தார்.

"உது என்ரையில்லை," என்றார்.

"இந்த வழக்குக்குரியது இதுதான், ஐயா."

"என்ரை வாளிலை கறள் இல்லை. கறள் இல்லாதபடியால்தான் என்னைப் பிடிச்சவை. உது வேறை ஆரின்ரையோ வாள்."

அவர் பகிடி விடவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் அத்தானின் கையைப் பிடித்தேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு வெளியே நடந்தார். வாள்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அவற்றை என்ன செய்தார்கள் என்று பிறகு நாங்கள் விசாரிக்கவேயில்லை.

இப்போதும் பெரிய வெள்ளிக்கு நாடகம் நடக்கிறது. கவசங்கள் கொழும்பிலிருந்து வந்த பிளாஸ்ரிக். வாள்கள் தெர்மக்கோல். மழை பெய்தாலும் ஒன்றும் செய்யாது. சனத்துக்குள் குழந்தைகள் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கின்றன. ஒன்றும் பயந்து அழுவதில்லை. வெரோணிக்காவைத் தள்ளுகிற படைத்தலைவன் தள்ளிவிட்டு மன்னிப்புக் கேட்பதைப் போல முகத்தை வைத்திருக்கிறான்.

கடைசிமுறை நான் அத்தானை வரச்சொல்லிக் கூப்பிட்டேன். முற்றத்துக் கதிரையில் இருந்தார். அக்கா உள்ளே உடுத்திக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ அத்தான், பின்னுக்கு நிண்டு பாத்திட்டு வருவம்."

"நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றார். "நான் அதுக்குள்ளை நடந்தவன். வெளியிலை நிண்டு பாக்க எனக்குத் தெரியாது."

நாங்கள் இரண்டு பேரும் போனோம். அந்தப் பெரிய குரலை இப்போது அக்கா வீட்டு அடுத்த அறையில் நின்றால்கூடக் கேட்க முடியாது.