கண்ணாடி ஏற்றிய பத்து நிமிடம்

என் அக்கா கணவரை இங்குள்ள ஓட்டுநர்கள் ‘மூக்கு’ என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் இருக்கிறது. காரில் பெட்ரோல் வாடை என்று யாராவது போனால் மற்ற பட்டறைகளில் திருதிருவென்று முழிப்பார்கள், கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழற்றுவார்கள். அத்தான் முதலில் பேட்டரி ஒயரை எடுத்துவிடுவார். எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று. டேங்க் மூடியா, இஞ்சின் பக்கத்து ரப்பர் குழாயா, பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்பின் வாஷரா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அலட்டல் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் ஒருநாளும் தப்பியதில்லை.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை உண்டு. இஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, உள்ளே தனியாகப் பத்து நிமிடம் உட்காருவார். வாடை இல்லையென்றால் இறங்கி, “எடுத்துட்டுப் போங்க” என்பார். அதற்கு மேல் இங்கே யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

அத்தான் பட்டறை நடத்தும் அதே தகரக் கொட்டகையின் மறுபாதியில் நான் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். நாள் முழுக்கப் பசை டப்பாவோடுதான் குடித்தனம். “உன் மூக்கு என்னைக்கோ செத்துப்போச்சுடா” என்று அத்தான் கிண்டலடிப்பார். கேட்டுக் கேட்டு நானும் அதை நம்பிவிட்டேன். நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

போன மழைக்காலத்தில் அத்தான் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டார். எழுந்து வந்த பிறகு வாடிக்கையாளர்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். “டேங்க் நிரப்பின அன்னிக்கு அதிகமா வருதா? முன்னாடி உக்காந்தவருக்கு வருதா, பின்னாடி உக்காந்தவருக்கா?” முன்பெல்லாம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வயசாக வயசாகப் பொறுமை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் பக்கத்திலேயே அடுப்பில் பால் தீய்ந்து கரியாகும்வரை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாராம். அக்கா அதைச் சொல்லித் திட்டியபோதும் சிரித்தோம்.

மூன்று வாரத்துக்கு முன் மருந்துக்கடைக்காரர் காரில் பெட்ரோல் வாடை என்று வந்தார். அத்தான் பம்ப் வாஷர் மாற்றினார், நான் புது உறை போட்டேன். வண்டியை எடுக்கும்போது அவர் தயங்கினார்.

“இன்னும் லேசா வருதேப்பா.”

அத்தான் என்னைப் பார்த்தார். “அது இவன் பசை. ஒரு மாசத்துல போயிடும்.”

எனக்கும் பெட்ரோல் மாதிரிதான் பட்டது. ஆனால் அவர் சொன்ன பிறகு என் மூக்குக்கு என்ன மரியாதை? “ஆமாங்க, புதுப் பசை” என்று நானும் தலையாட்டினேன். மனிதர் நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

இன்று காலை அத்தானின் மகள் தன் காரோடு வந்தாள். பின்சீட்டில் வாடை அடிக்கிறது, குழந்தை தினமும் வாந்தி எடுக்கிறது என்றாள். அத்தான் வழக்கமான கேள்விகளைக் கேட்டார், பின்சீட்டைத் தூக்கினார், வாஷரை மாற்றினார், குழாயைத் திரும்பச் செருகினார். இஞ்சினை ஓடவிட்டு அணைத்தார். பிறகு கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தார். நான் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தேன்.

கண்ணாடியை இறக்கி, “பூ மாதிரி இருக்கு. பேத்தியை உக்கார வை” என்றார்.

பின்கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அறைந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. குழந்தை முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டது. அத்தான் சிரித்த முகமாக இருந்தார். அவர் கை சாவியின் மேல் இருந்தது.

“அத்தான், கையை எடுங்க.”

“ஏன்டா?”

“சாவியைத் திருப்பாம அப்படியே இறங்குங்க.”

அதற்குள் வாடை மகளுக்கும் எட்டிவிட்டது. என்னிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் சீட்டைத் தூக்கினோம். பழைய குழாய், திரும்பச் செருகியபோது கழுத்தில் விரிசல் விட்டிருந்தது. பம்பின் மூடியைச் சுற்றிப் பெட்ரோல் தேங்கிக் கிடந்தது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் அவர் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை மாசமா?” என்று கேட்டேன்.

துணியில் வெகுநேரம் கை துடைத்தார். “காய்ச்சல்லேர்ந்து. திரும்ப வந்துடும்னு நெனச்சேன். தினம் காலையில பெட்ரோல் துணியை மோந்து மோந்து பாக்கிறேன்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது? ஊரே என்னை எப்படிக் கூப்பிடுதுன்னு உனக்குத் தெரியாதா?”

அவரை நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். தெருவில் நின்று மகள் அவரைப் பார்த்த பார்வையைக் கண்டதும் அதை விட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன்.

மகளின் காரைத் தவிர, காய்ச்சலுக்குப் பிறகு வாடை என்று வந்த வண்டிகள் ஐந்து. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். மூன்று பேர் ஒன்றுமில்லை என்றார்கள். நாலாவது ஆள் லேசாக வருகிறது என்றார். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள், தொடாதீர்கள், நாங்களே வருகிறோம் என்று சொன்னேன். மிச்சம் மருந்துக்கடைக்காரர்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை அவர் மனைவி எடுத்தார்.

“அவரு போனை மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளியூர் கிளம்பி அரை மணி நேரம் இருக்கும். டேங்க்கை ஃபுல் பண்ணிட்டுத்தான் போறேன்னாரு.”

வண்டியில் இப்போதும் வாடை வருகிறதா என்று கேட்டேன்.

“வருதே. சின்னவன் பின்னாடி உக்காரவே மாட்டேன்னு அடம்புடிச்சான். நான்தான் ஒரு அடி போட்டு ஏத்திவிட்டேன். பசை வாடைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அத்தான் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சாலையில் போனார்கள் என்று கேட்டேன்.