ஒன்றாம் எண்ணில் நின்றவன்

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற விளையாட்டு அது. இண்டூரில் எங்கள் வூட்டில், என் லேப்டாப்பில்தான் ஓடும். பக்கத்து வூட்டிலிருந்து பெரியப்பாவின் பிள்ளைகள், அக்காவும் தம்பியும், விளையாட்டுக்குள் வருவார்கள். எனக்கோ விளையாடுவதைவிட, விளையாட்டை ஆட்டிவைக்கிற கமாண்ட் எழுதுவதில்தான் பைத்தியம்.

காரணம் தம்பி. வாரத்துக்கொரு பேர் வைத்துக்கொண்டு வருவான். பேர் மாறினால் விளையாட்டுக்கு அவன் புது ஆள். பழைய சாமானெல்லாம் போச்சு. அதனால் வந்த வரிசைப்படி ஆளுக்கொரு எண் கொடுத்தேன். நிற்கிற இடம், பார்க்கிற திசை, பையில் உள்ளது எல்லாம் அந்த எண்ணின் கீழ் நொடிக்கு நொடி பதிவாகும். புதுப் பேருக்குப் பழைய எண்ணைக் கொடுத்தால் போதும், விட்ட இடத்தில் நிற்பான். ஒன்றாம் எண் அவனுடையது.

"என்னைய எதுல போட்டு வெச்சிருக்க, டப்பாவுலயா?" என்று கேட்டுச் சிரிப்பான்.

போன தை மாதம் அதியமான்கோட்டை கிட்டே அவன் பைக்கில் லாரி மோதியது. அப்புறம் நாங்கள் விளையாட்டைத் திறக்கவில்லை. அக்கா மட்டும் ஒருமுறை கேட்டாள், அவன் கடைசியாக நின்ற இடம் இன்னும் இருக்கிறதா என்று. இருக்கு, அழிக்கமாட்டேன் என்றேன்.

ஆடி மாதம் புது லேப்டாப்புக்கு உலகத்தை மாற்றினேன். அவன் வைத்த பேர்களெல்லாம் குப்பையாகக் கிடக்கிறதே என்று பேர்களை மட்டும் துடைத்தேன். எண்களின் கீழ் இருந்ததைத் தொடவில்லை. இனி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வரிசை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது அப்போது தோன்றவே இல்லை.

அன்று சாயந்தரம் பெரியப்பா வூட்டில் அக்கா என் பழைய லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் உள்ளே போனது அவள்தான். அவள் கட்டிய வூட்டு வாசல் வரவில்லை. இருட்டான ஒரு சுரங்கம் வந்தது. நாங்கள் யாரும் பார்த்திராத சுரங்கம். முகத்துக்கு நேரே கல் சுவர். கையில் பாதி தேய்ந்த கடப்பாரை. பை நிறைய முட்டை. எங்கள் மேல் எறிவதற்கென்றே முட்டை சேர்க்கிறவன் ஒருத்தன்தான்.

ஒன்றாம் எண் அவளுக்குப் போயிருந்தது. ஓர் அடி நகர்ந்தாலும் அந்த இடம் அழிந்து புது இடம் பதிவாகிவிடும்.

"அக்கா, கைய எடு. எதையும் தொடாத."

கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றாம் எண்ணில் இருந்ததை வேறொரு பேரில் நகல் எடுக்க அடித்தேன். சிவப்பில் பிழை. மறுபடி அடித்தேன், மறுபடி சிவப்பு. அவள் முதுகுப்புறம், சுரங்கத்துக்குள், ஏதோ ஒன்று முனகிக்கொண்டு நெருங்கியது. அவன் ஆறு மாதமாக இந்தச் சுவரைப் பார்த்தபடி இதைக் கேட்டுக்கொண்டே நின்றானோ என்று நினைப்பு ஓடியது. விளையாட்டில் அப்படி எதுவும் நடக்காது, தெரியும். தெரிந்தும் அவசரமாக மூன்றாவது முறை அடித்தேன்.

அடுத்த அறையில் பெரியம்மா சுவிட்சைப் போட்டு, விளக்கேற்றத் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. விளக்கு வைப்பதற்குள் வூட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்த வூட்டில் அவனுக்கு இருந்த ஒரே சட்டம் அது.

"இன்னும் கொஞ்சம் இரு, அக்கா."

"வேணாம்டா. விளக்கு வெச்சாச்சு. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

திரும்பினாள். நின்ற இடம் போய்விட்டது. இருட்டில் தடவித் தடவி மேலே ஏறி, அவன் கட்டிய கோணல் வூட்டைத் தேடிப் போய், கட்டிலருகே நிறுத்திவிட்டு விளையாட்டை விட்டு வெளியே வந்தாள்.

வரிசையைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். நான் இன்னும் எழுதவில்லை. ஒன்றாம் எண் இப்போது வூட்டுக்குள் இருக்கிறது. உலகத்தைத் திறந்தால், முதலில் போகிறவருக்குத்தான் அந்த எண் என்பதால், நீ போ, நீ போ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.