அக்காவின் பத்து நிமிடம்

அக்காவின் முதல் வருடத் திதிக்கு அனுப்பிய முதல் அழைப்பில் வேறு நாள் போட்டிருந்தோம். பிறகு நானே ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "ஒரு நாள் முன்னாடி வந்துருங்க" என்றேன். "என்ன மச்சான், ஐயர் நாளை மாத்திட்டாரா?" என்று பலர் கேட்டீர்கள். ஐயர் மேல் தப்பே இல்லை. தப்பு என்னுடையது. அதை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

அக்கா சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, பதினாறு வயதில் ரப்பர் பால்வாளியைத் தூக்கி என்னை வளர்த்தார். தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டும் பெரட்டு மணி ஒன்றுதான் எங்களுக்கு நேரம். மழை பெய்தால் அதுவும் கிடையாது, பாலுக்கு மரம் வெட்ட முடியாது. மழை நாளில் அக்கா சிரித்துக்கொண்டே எனக்குத் தலை சீவிவிடுவார்.

தோட்டம் விற்றுப்போன பிறகு ஈப்போவுக்கு வந்து, கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் வாரமே பஸ்ஸைத் தவறவிட்டார். பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலை கொடுத்துவிடுவார். பஸ் திட்டாது, போய்விடும். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவர், நாற்காலி போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தார். "இத யாரும் தொடக்கூடாது லா" என்றார். தொட யாருக்குத் தைரியம்? மலேசியாவுக்கே பத்து நிமிடம் முன்னால் எங்கள் வீட்டில் விடியும் என்று நான் கிண்டல் செய்வேன். வெளியே கிளம்பும்போதெல்லாம் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம்.

பிறகு அவர் எதற்கும் பிந்தியதில்லை. சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடிப்பார். என் கல்யாணத்தன்று மண்டபம் திறக்குமுன்பே வாசலில் நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், காலையில் குளித்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பஸ் கடந்து போன பிறகுதான் உள்ளே வருவார். பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

கடைசி நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பஸ் வந்துருச்சா?" என்று கேட்டார். "இல்லக்கா, இன்னும் வரல" என்றேன். அவ்வளவுதான், மூச்சு நின்றுவிட்டது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி ஆறு நிமிடம். அதையே ஐயரிடம் சொன்னேன். மூன்று மணிக்குச் சப்தமி முடிந்துவிட்டதால் அஷ்டமி திதி என்று அவர் குறித்துக்கொண்டார். மாதாமாதம் அஷ்டமியில் படையல் போட்டோம்.

இந்த நினைவு மலருக்காக அந்த மத்தியானத்தைப் பற்றி எழுதியபோது, "சரியாக மூன்று மணிக்கு வரும் மத்தியான ஷிப்ட் பஸ், அன்று மட்டும் தாமதமாக வந்தது. அக்கா போன பிறகுதான் ஹாரன் கேட்டது" என்று எழுதியிருந்தேன். என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "பஸ் லேட்டா வரலைங்க. நம்ம மணிதான் முந்தி" என்றார்.

எத்தனையோ வருடமாகக் கழித்த பத்து நிமிடத்தை, அன்று ஒரு நாள் கழிக்க மறந்திருக்கிறேன். அக்கா போனது மூன்று மணிக்கு நாலு நிமிடம் முன்பு, சப்தமியில்.

மனைவி இன்னொன்றும் சொன்னார். மாதாமாதம் படையலுக்கு முதல் நாள் காலையில் சமையலறை ஜன்னலில் ஒரு காகம் வந்து கத்துமாம். "நாளைக்குத்தான், போ" என்று இவர் விரட்டிவிடுவாராம். சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்கும் அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. ஒரு நாளும் பிந்தாத என் அக்காவை, ஒரு வருடம் முழுக்க வாசலில் நிற்க வைத்துவிட்டேனே!

அவசரமாக லீவு எடுத்தும், ஷிப்ட் மாற்றிக்கொண்டும் வருகிற உறவுகளுக்கும், அக்காவோடு அந்த பஸ்ஸில் போன தோழிகளுக்கும், கடைசி மாதங்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

கடிகாரத்தை நான் திருத்தவில்லை. சப்தமியன்று அதன்படியே இலை போடுவோம். அக்கா, இந்தத் தடவை பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நாங்கள் நிற்கிறோம். நீங்கள் மெதுவாக வாருங்கள்.