பஞ்ச் ஆபரேட்டர் தலையில் விழுந்த தப்பு

அட்டையில் ஓட்டை போடுவது என் வேலை. கம்ப்யூட்டர் தப்பாக விடை சொன்னால் திட்டு வாங்குவதும் என் வேலை. அடுத்தவர் எழுதியதை அப்படியே அடித்துக் கொடுத்துப் பழி சுமந்தவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். எழுபதுகளில் மாமல்லபுரம் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தேன். இன்ஜினியர்கள் புரோகிராமைத் தாளில் எழுதித் தருவார்கள். வரிக்கு ஓர் அட்டையாக நான் ஓட்டை போட்டால் மெஷின் படிக்கும்.

உப்புக்காற்று

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பஸ்ஸில் வரும் புது டிரெய்னி தனசேகர். அவனுடைய முதல் புரோகிராம், இருபடிச் சமன்பாடு. நான் அடித்துக் கொடுத்த அட்டைக்கட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். கடல்காற்றில் அட்டைகள் ஊறி, மெஷினுக்குள் சிக்கிக்கொண்டன. அத்தனையையும் மறுபடி அடித்தேன். ஊறிய அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "இன்னாக்கா இது, அட்டை கூடவா தண்ணி குடிக்கும்?"

பன்னிரண்டும் எட்டும்

x² − 5x + 6 = 0. விடை 3, 2 என்று சரியாக வந்தது. தனசேகர் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தான். எங்கள் பிரிவுத் தலைவர் சும்மா இருப்பாரா? அதே சமன்பாட்டை இரண்டால் பெருக்கிக் கொடுத்தார். விடை மாறக் கூடாது. வந்ததோ 12, 8!

தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சூத்திரம் சரி என்றார். அப்படியானால் தப்பு என் விரலில். தப்புகளைக் குறிக்கும் ஏட்டில் என் பெயர் ஏறினால் டைப்பிங் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த மெஷின் அறையில் உட்கார்ந்த முதல் பெண் நான், விட்டுக்கொடுக்க மனசில்லை. அவர் சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள பாருங்கம்மா. இல்லைன்னா ரிஜிஸ்டர்ல உங்க பேரைத்தான் எழுதணும்."

இரண்டே அட்டைகள்

அட்டைகளைத் தாளோடு ஒத்துப் பார்த்தேன். ஓர் ஓட்டைகூடப் பிசகவில்லை. பி.யூ.சி.யில் கணக்கு படித்தவள்தானே, மெஷின் போகிற வழியிலேயே கையால் போட்டுப் பார்த்தேன். சூத்திரப்படி 2a முழுவதாலும் வகுக்க வேண்டும். தனசேகர் அதற்கு அடைப்புக்குறி போடவில்லை. மெஷின் இரண்டால் வகுத்துவிட்டு, வந்ததை a-யால் பெருக்கிவிட்டது! முதல் கணக்கில் x²-க்கு முன்னால் நிற்கும் a ஒன்று. பெருக்கினாலும் வகுத்தாலும் ஒன்றுதான். உடனே புது அட்டையை எடுத்தேன்.

ஆனால் தாளில் இல்லாததை ஆபரேட்டர் அடிக்கக் கூடாது. அவனைக் கூப்பிட்டு, அவன் கையாலேயே திருத்த வைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, விடைக்கு ஒன்றாக இரண்டு அட்டைகளை மட்டும் மாற்றினேன். 3, 2 வந்தது.

தலைவர் பேனாவைத் திறந்து, யார் தப்பு என்று கேட்டார். அவன் பேசாமல் இருந்திருந்தால் என் பெயர்தான் ஏறியிருக்கும். தனசேகர் எழுந்து நின்றான்: "தப்பு என்னுது சார். கண்டுபுட்சது அக்கா."

அதன்பிறகு இன்ஜினியர்கள் தப்பை என் தலையில் போடுவதை விட்டுவிட்டு, தப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே வர ஆரம்பித்தார்கள். பதவியின் பெயர் மட்டும் கடைசிவரை பஞ்ச் ஆபரேட்டர்தான்.